அச்சுக்குத் தரும் கோப்பில் தாள் அளவு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

டர்பனில் தைப்பூசக் காவடிக்கென அச்சிடப்படும் அழைப்பிதழ்கள் சிலவற்றில் ஓரத்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருப்பதைக் காண வருத்தமாக இருக்கிறது. கணினியில் 216 × 279 மி.மீ. கொண்ட அமெரிக்க லெட்டர் அளவில் பக்கத்தை அமைத்துவிட்டு, 210 × 297 மி.மீ. கொண்ட ஏ4 தாளில் அப்படியே அச்சிட்டால், அகலத்தில் 6 மி.மீ. குறைந்து, உபயதாரர் பெயரின் கடைசி எழுத்தே காணாமல் போய்விடுகிறது. 1922இல் ஜெர்மனியில் தரப்படுத்தப்பட்ட ஏ வரிசைத் தாள்களை, நீளமான பக்கம் பாதியாகும்படி மடித்தாலும் நீள அகல விகிதம் மாறுவதில்லை. ஏ4 பக்கம் ஏ5 கையேடாக அழகாகச் சுருங்குவது அதனால்தான். பின்னணி வண்ணம் விளிம்புவரை வர விரும்பும் ஆலய நிர்வாகிகள், நாற்புறமும் வெட்டுக்கென 3 மி.மீ. கூடுதலாக விட்டு, எழுத்துகளைச் சற்று உள்ளே தள்ளி அமைத்து, அதன் பிறகே கோப்பை அச்சகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டர்பன் வாசகர்