எட்டுக் கிடாவில் மூன்று குப்பைக்குப் போனது

ஆசிரியருக்கு, வணக்கம்.

விசேஷ வீடுகளில் சாப்பாடு வீணாவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சோறு, சாம்பார், இனிப்பு எல்லாம் இருந்தது. கறியைப் பற்றி ஒரு வரி இல்லை. திருமங்கலம் பக்கம் 27 வருடமாகக் கறி விருந்து சமைக்கிறவன் நான். சோறு வீணாவதும் கறி வீணாவதும் எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை.

தொழில் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. கிடா வெட்டுகிற இடத்தில் பீடி, வெட்டிப்பேச்சு எதுவும் கூடாது என்பார். ஒன்றை வெட்டும்போது அடுத்தது பார்க்கிற மாதிரி கட்டவிட மாட்டார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, அது உடம்பைச் சிலுப்பினால்தான் உத்தரவு. ஒருமுறை முக்கால் மணி நேரமாகியும் சிலுப்பவில்லை. வீட்டுக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத் தவிக்கிறார். பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பும், இதில் என்ன சம்மதம் என்று என் மகன் கேட்கிறான். சரிதான். ஆனாலும் அதுவரைக்கும் அரிவாளோடு நிற்கிறவன் ஆட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

வெட்டிய பிறகு எதையும் விடமாட்டார். ரத்தம் பொரியலுக்கு. குடலைத் திருப்பிப் போட்டு, மஞ்சளும் உப்பும் தேய்த்து, வாடை போகும்வரை அலச வேண்டும். எனக்கு முதல் இரண்டு வருடம் அந்த வேலைதான். தலையும் காலும் தீயில் வாட்டிச் சுரண்டி மறுநாள் குழம்புக்கு. வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், அவளுக்கு. இப்போது குடலைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள், அலச ஆள் கிடைப்பதில்லையாம்.

போன வருடம் ஒரு காதுகுத்து. வந்தவர்கள் 300 பேர் இருப்பார்கள். ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கறி போட்டால் எட்டுப் பேர் தாராளமாகச் சாப்பிடலாம். கிடாவுக்குப் பத்துக் கிலோ கறி என்று வைத்தாலும் பிரியாணிக்கு நாலு, சுக்காவுக்கும் குழம்புக்கும் ஒன்று போதும். எட்டு வெட்டினார்கள், சீர் கொண்டுவருகிற சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டுமாம். எனக்குக் கூலி கிலோ கணக்கில்தான், வாயை மூடிக்கொண்டேன். கேட்காமலே இலையில் கறியைக் கொட்டினார்கள். மூன்று கிடாவுக்கு உண்டான கறி இலையோடு குப்பைக் குழிக்குப் போனது. வெட்டிய எட்டில் ஒன்று அந்த வீட்டு அம்மா இரண்டு வருடம் அகத்திக்கீரை ஒடித்துப் போட்டு வளர்த்த நேர்ச்சைக் கிடா. அவர் பந்திக்கே வரவில்லை. சாயங்காலம் என்னிடம் வந்து, "அதோட எலும்பையாவது நாய் இழுக்காம புதைச்சிருங்க தம்பி" என்றார். எது எந்தக் கிடாவின் எலும்பு என்று நான் எப்படிப் பிரிப்பேன்?

இதே வட்டாரத்தில் வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழாவில், ஹோட்டல்காரர்கள் சேர்ந்து ராத்திரி முழுக்கப் பிரியாணி ஆக்கி, விடியும்போது பிரசாதமாகக் கொடுக்கிறார்கள். சட்டியும் தூக்குமாக வந்து வாங்கிப் போகிறார்கள். யாரும் கீழே போட்டு நான் பார்த்ததில்லை. அதே ஆட்டுக்கறிதானே?

இப்போதெல்லாம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பே ஆள் கணக்குக் கேட்டுவிடுகிறேன். இதனால் இரண்டு விசேஷம் கைவிட்டுப் போனது. வருகிற ஆவணியில் ஒரு வீட்டில் ஆறு கிடா என்றார்கள். நாலு போதும் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு சமையல் மாஸ்டர்,
திருமங்கலம்.