மூத் கிராமத்து அம்மாவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களே,

தம்பி பிழைத்துக்கொண்டான். இன்று காலை ஆக்சிஜன் குழாய் இல்லாமல் வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். நுரையீரலில் கோத்திருந்த நீர் வடிந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உங்களில் பலர் தூங்காமல் காத்திருந்தீர்கள் என்று தெரியும். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இமாச்சல மலைகளில் 'பின்' ஆற்றுப் பக்கத்தையும் பார்வதி ஆற்றுப் பக்கத்தையும் இணைக்கும் பின்-பார்வதி கணவாயில், மலையேற்றத்தின்போது நடந்ததை மறுபடி விவரமாக எழுத இப்போது எனக்குத் தெம்பில்லை. பெரும்பாலோருக்குத் தெரியும். நான் எழுத உட்கார்ந்தது நன்றி சொல்லத்தான். தள்ளிப்போட்டால் ஊர் திரும்பி, வேலையில் மூழ்கி, மனசு ஆறியபிறகு ஒப்புக்கு நாலு வரி எழுதிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. தம்பி தூங்குகிறான். சிம்லாவில் வெளியே மழை. அவன் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

வழிகாட்டி அண்ணனுக்கு முதல் வணக்கம். 5,319 மீட்டர் உயரத்தில் இருக்கும் அந்தக் கணவாயைத் தாண்டி ஸ்பிட்டி பள்ளத்தாக்கின் பக்கம் கூடாரம் போட்ட பிறகு, தம்பியின் மூச்சில் கேட்ட கொறகொறப்பைச் சளி என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் காதை முதுகில் வைத்துக் கேட்டார். விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. "இதற்கு மருந்து இறக்கம்தான்" என்று சொல்லி அப்போதே கிளப்பிவிட்டார். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான். இறங்க இறங்கத்தான் மூச்சு பிடிபடும். அன்று அவர் ஒரு மணி நேரம் யோசித்திருந்தால் இந்த மடலை நான் வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

நேபாளத்திலிருந்து பிழைப்புக்கு வந்து எங்கள் சுமைகளைத் தூக்கிவந்த தம்பிகளே, சுமையையெல்லாம் பாறை மறைவில் போட்டுவிட்டு என் தம்பியை முதுகில் சுமந்தீர்கள். உங்களில் இளையவன் முன்னால் ஓடி மூத் கிராமத்துக்குச் செய்தி கொண்டுபோனான். அங்கிருந்து சாமுர்த்தி இன மலைக்குதிரையோடு எதிரே ஏறிவந்த பெரியவரே, கூலி எவ்வளவு என்று நீங்கள் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஓடைகளில் பிற்பகல் பனியுருகிய வெள்ளம் ஏறியிருந்தபோது குதிரைக்கு இரண்டு பக்கமும் நின்று தம்பியைத் தாங்கிப் பிடித்த ஊர்க்காரர்கள், இருட்டில் ஸ்பிட்டியின் தலைமை ஊரான காசாவுக்கு ஜீப் ஓட்டிய டிரைவர், ஒற்றைத் தடச் சாலையில் பட்டாணி ஏற்றிய லாரியைப் பின்பக்கமாகவே வெகுதூரம் நகர்த்தி ஜீப்புக்கு வழிவிட்டவர், காசா ஆஸ்பத்திரியில் தம்பியின் கையை விடாமல் பிடித்திருந்த செவிலியர், தாபோ, கின்னூர் வழியாகச் சிம்லா வரைக்கும் கூடவே வந்த ஆம்புலன்ஸ் ஊழியர், ஊரில் அம்மாவிடம் பக்குவமாகச் செய்தியைச் சொல்லிவிட்டு இரவெல்லாம் அங்கேயே தங்கிய பக்கத்து வீட்டு அக்கா, பணம் அனுப்பிவிட்டு எவ்வளவு என்றுகூடச் சொல்லாத நண்பர்கள். உங்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாக எழுத வேண்டும். எழுதுவேன்.

இன்று ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டி எழுத விடுங்கள்.

மூத் வந்து சேர்ந்ததும் ஜீப்பின் பின்னிருக்கையில் தம்பியைச் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். அவன் மனைவி தலைமாட்டில் உட்கார்ந்தாள். வழிகாட்டி அண்ணன் முன்னால் ஏறினார். அதற்குமேல் இடமில்லை. மறுநாள் கிடைக்கிற வண்டியில் நான் வருவதாகச் சொல்லிக் கதவைச் சாத்தினேன். வண்டியின் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும் கூட்டம் கலைந்தது. எல்லோருக்கும் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த களைப்பு. நான் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தேன். எங்கே போவது என்றே தோன்றவில்லை. செல்பேசியில் ஒரு கோடுகூடச் சிக்னல் இல்லை.

அப்போது ஒரு அம்மா வந்து என் காலைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தார். ஓடைகளில் இறங்கி ஏறி பூட்ஸ் முழுக்க ஈரம். எனக்கே அது நினைவில் இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடத்திப் போனார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

மண் வீடு, தட்டையான கூரை, அதன் விளிம்பில் குளிர்காலத்துக்காக அடுக்கிய சுள்ளிகள். உள்ளே அடுக்களை நடுவில் தகரக் கணப்பு அடுப்பு. அவர் என்னைக் கம்பளத்தில் உட்காரவைத்துக் குனிந்து பூட்ஸ் நாடாவை அவிழ்க்கப் பார்த்தார். ஈரத்தில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தார். நான் காலை இழுத்துக்கொண்டேன். வயதில் மூத்தவர், முன்பின் தெரியாதவர், என் காலடியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரே என்று கூசியது. அவர் என் தொடையில் ஒரு தட்டு தட்டி, ஆடாமல் இரு என்பதுபோலப் பார்த்தார்.

காலுறையைக் கழற்றியபோதுதான் நானே பார்த்தேன். நாலைந்து விரல்கள் மெழுகு நிறத்தில் வெளுத்து, தொட்டால் உணர்வே இல்லாமல் இருந்தன. நான் உடனே காலை அடுப்புப் பக்கம் நீட்டினேன். அவர் பதறித் தடுத்தார். ஒரு அகலப் பாத்திரத்தில் தண்ணீரை வெதுவெதுப்பாக விளாவி, தன் முழங்கையை விட்டுப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மறுபடி பார்த்து, அதன் பிறகே என் கால்களை அதற்குள் வைத்தார். ஆறிப்போகும் போதெல்லாம் கெட்டிலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். ரத்தம் திரும்பியபோது வலியில் உயிர் போயிற்று. அப்போது அவர் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். தம்பிக்காகச் சேர்ந்திருந்த அழுகையும் அங்கேயே வந்துவிட்டது.

அவர் செய்ததுதான் சரியான முதலுதவி என்று பிறகு காசாவில் மருத்துவர் சொன்னார். மரத்துப்போன விரல்களை நெருப்பில் காட்டினால் தோல் வெந்தாலும் தெரியாதாம். தேய்க்கவும் கூடாதாம். 'பின்' ஆற்றுப் பள்ளத்தாக்கின் குளிர்காலத்தை ஒவ்வொரு வருடமும் தாண்டுகிற ஒருவருக்கு இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லத் தேவையில்லை.

சரி, அதோடு முடிந்தது என்று நினைத்தேன். உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீர், சூடான துக்பா என்ற நூடுல்ஸ் சூப், இரண்டு கம்பளி. என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு அவர் அடுப்பைவிட்டு நகரவில்லை. அந்தப் பக்கம் பார்லியை மணலில் போட்டு வறுத்துத்தான் 'சம்பா' என்று அவர்கள் சொல்லும் பார்லி மாவை அரைக்கிறார்கள், நம் ஊரில் கடலை வறுப்பதுபோல. அந்த வறுமணலைச் சட்டியில் சூடாக்கி, பழைய கம்பளிக் காலுறைகளில் கொட்டிக் கட்டி, என் பூட்ஸுக்குள் திணித்தார். மணல் ஆறியதும் எடுத்து மறுபடி சூடாக்கித் திணித்தார். கம்பளிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தூங்கி விழித்தபோதும் செய்துகொண்டிருந்தார். மறுபடி விழித்தபோதும்.

நீங்கள் ஒன்றை நினைத்துப்பார்க்க வேண்டும். அது பட்டாணி அறுவடைக் காலம். பச்சைப் பட்டாணிதான் அங்கே கையில் காசு பார்க்கும் பயிர். விடிந்தால் அவர் வயலில் குனிந்து நிற்க வேண்டும். லாரி யாருக்காகவும் காத்திருக்காது. அந்த ராத்திரித் தூக்கத்தைத்தான் ஒரு ஜோடி பூட்ஸுக்காக, அதுவும் உயிருக்கு ஒரு ஆபத்தும் இல்லாத என் பூட்ஸுக்காகக் கொடுத்தார்.

இதைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறேன். அன்று எல்லோர் கண்ணும் தம்பி மேல் இருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கிறவரை யாரும் பார்ப்பதில்லை, அவரும் தன்னைப் பார்த்துக்கொள்வதில்லை. அந்த ஊரில் ஒரே ஒருவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

நடு இரவில் 'பின்' ஆற்றின் சத்தம் மட்டும் கேட்டது. தம்பிக்கு வரைபடங்கள் என்றால் உயிர். கணவாயின் உச்சியில் நின்று, இந்தப் பக்கம் உருகும் பனி மந்தலாய் ஏரி வழியாகப் பார்வதி ஆறாகி பியாஸில் சேரும், அந்தப் பக்கம் உருகுவது 'பின்' ஆறாகி, ஸ்பிட்டியில் விழுந்து, சட்லெஜோடு போகும், கடைசியில் பஞ்சாபில் ஹரிகே என்ற இடத்தில் பியாஸும் சட்லெஜும் ஒன்றாகிவிடும் என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். குளிருகிறது, நடடா என்று நான் தள்ளிக்கொண்டு வந்தேன். அந்த இரவில் அவன் சொன்ன பெயர்களை வரிசை மாறாமல் எனக்குள் சொல்லிக்கொண்டே கிடந்தேன். அது மட்டுமே அவனோடு இருப்பதுபோல இருந்தது. நான் முணுமுணுப்பதைப் பிரார்த்தனை என்று அந்த அம்மா நினைத்திருக்க வேண்டும். தன் ஜபமாலையைக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

காலையில் பூட்ஸ் காய்ந்திருந்தது. உள்ளங்கையை விட்டுப் பார்த்தேன், இளஞ்சூடாகவே இருந்தது. கிழிந்திருந்த என் கையுறையைத் தைக்க ஊசியை எடுத்தவரால் நூல் கோக்க முடியவில்லை, கண் மங்கல். என்னிடம் நீட்டினார். என் விரல்கள் நடுங்கியதில் என்னாலும் முடியவில்லை. ஊசியும் நூலும் இரண்டு பேர் கையிலும் மாறி மாறிப் போய், கடைசியில் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து கோத்துக் கொடுத்தாள். பணம் நீட்டினேன். வாங்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை, என் கையை மடக்கி என் பக்கமே தள்ளிவிட்டு, பட்டாணிக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குக் கிளம்பிவிட்டார். அவர்கள் வணக்கத்துக்கும் நன்றிக்கும் சொல்லும் "ஜூலே" என்ற சொல்லைச் சொல்லக்கூட எனக்குக் குரல் எழவில்லை.

இந்தக் கணவாயைப் பற்றி எதைப் படித்தாலும், ஸ்பிட்டிக்கு மாற்று வழி தேடிவந்த லூயி டேன் என்ற ஆங்கிலேயர் 1884இல் கடந்தார் என்று ஆரம்பத்திலேயே வந்துவிடும். கிளம்புமுன் நானும் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அந்தப் பக்கம் இறங்கியபோது யார் வீட்டு அடுப்பில் அவருடைய காலணி காய்ந்தது என்று எங்கும் படித்ததில்லை. யாராவது ஒருவர் காயவைத்திருப்பார். அந்தப் பள்ளத்தாக்கில் கணவாய் இறங்கி வருகிறவர்களை இப்படிக் காலங்காலமாக வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று இப்போது எனக்கு உறுதியாகத் தெரிகிறது. அந்த அம்மாவின் பெயரை இங்கே நான் போடவில்லை. அவரிடம் கேட்காமல் போடுவது முறையில்லை. ஆனால் மூத்தில் ஊர்க்கடைசி வீட்டைக் கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

இந்த ஆஸ்பத்திரியில் எங்கள் வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்சு இருக்கிறது. அதில் எப்போதும் யாராவது உட்கார்ந்திருக்கிறார்கள். நேற்று ஒரு பையன், ரோஹ்ருவிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்தவன், காலையில் பார்த்த அதே இடத்தில் ராத்திரியும் இருந்தான். சாப்பிட்டாயா என்று கேட்டேன். இல்லை என்றான். போய் இரண்டு ரொட்டியும் பருப்பும் வாங்கிவந்தேன். இனிமேல் எந்த ஆஸ்பத்திரியில் கால் வைத்தாலும் முதலில் பெஞ்சைப் பார்ப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். மலைப்பகுதி முதலுதவிப் பயிற்சியிலும் சேரப்போகிறேன், தம்பி மனைவியும் வருகிறாள். அடுத்த ஆகஸ்டில் மூத்துக்குப் போய்ப் பட்டாணி பறிக்கிற நாட்களில் அந்த அம்மாவின் வயலில் நிற்க வேண்டும் என்றும் ஆசை. உயரம் ஏற மருத்துவர் தம்பியை விடமாட்டார், அவன் சிம்லாவில் இருந்துகொண்டு வரைபடம் பார்க்கட்டும்.

அதற்கு முன் ஓர் உதவி வேண்டும். அந்த அம்மாவுக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்க உதவும் கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறேன். பவர் சரியாகத் தெரியாததால் வெவ்வேறு அளவில் மூன்று ஜோடி. கூடவே, எளிதாக நூல் கோக்கிற ஊசிகள் ஒரு அட்டை. பனி விழ ஆரம்பித்தால் மூத்துக்குப் போகிற சாலை அடைபட்டுவிடும். அதற்குள் காசா பக்கம் போகிறவர் யாராவது உங்களில் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். சிம்லா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பொட்டலத்தைக் கையில் கொடுக்கிறேன். வழிகாட்டி அண்ணன் காசாவிலிருந்து மேலே கொண்டுபோய்ச் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் நன்றியுடன்,
தம்பியின் அக்கா