புது முல்லையைப் பற்றி மகளுக்கு

அன்புள்ள பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சீனி கொஞ்சம் ஏறியிருந்தது, மருந்து மாற்றினபிறகு இறங்கிவிட்டது, அதை நினைத்து யோசிக்காதே. நீ வாட்ஸ்அப்பில் போடுகிற "நலம் அம்மா" தவறாமல் வருகிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் வருவதில்லை. வேலை, குளிர், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எனக்கும் தெரியும், குறை சொல்லவில்லை, ஆனாலும் முன்பெல்லாம் ஞாயிறு என்றால் காது சுடும் வரைக்கும் கதைப்பாய்.

சரி, எழுத வந்த விஷயம் வேறு. மேல்மாடி அன்ரி வீட்டுக்குப் போனேன். அவ போனில் பழைய பாண்டியன் ஸ்டோர்ஸ் நாடகத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தா. பார்த்துக்கொண்டே சொல்கிறா, "என்ன இருந்தாலும் சித்ராதான் முல்லை, பிறகு வந்தது சும்மா இடம் நிரப்ப வந்தது" என்று. எனக்கு வந்த கோபத்துக்குத் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். ஒரு நாடகத்துக்காக அயலோடு முகம் முறிக்கிறதா என்று அப்பா கேட்கிறார். அவருக்கு விளங்காது. உனக்கு விளங்கும் என்றுதான் எழுதுகிறேன்.

சித்ராவை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். 2018 இல் அந்த நாடகம் தொடங்கினதிலிருந்து நீயும் நானும் ஒன்றாக இருந்து பார்த்தது. ஜீவாவுக்குப் பேசின பெண் அவன் தம்பி கதிருக்குக் கழுத்தை நீட்ட வேண்டி வந்து, இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, பிறகு மெல்ல மெல்ல நெருங்கினதை எவ்வளவு அழகாகச் செய்தா. வெள்ளவத்தையில் தைக்கிற இடத்தில் முல்லை போடுகிற மாதிரி பிளவுஸ் வேண்டுமென்று போனில் படம் காட்டி நின்றவர்களை நானே கண்டிருக்கிறேன். 2020 டிசம்பர் 9, சித்ரா இறந்துபோனா என்ற செய்தி வந்த நாள், கொரோனாவால் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குள் கிடந்த காலம், சொந்த வீட்டில் ஒருத்தி போன மாதிரித்தான் இருந்தது. 28 வயது. அந்தத் தாயை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

ஆனால் அவவுக்குப் பிறகு முல்லையாக வந்த காவ்யா என்ன பிழை செய்தா? அதைத்தான் நான் கேட்கிறேன். தினமும் போகிற நாடகத்தை நிறுத்தி வைக்க ஏலாது. கொஞ்ச நாள் முன்னால் எடுத்ததைத்தான் போடுகிறார்கள், அதில் விளக்குப் பிடிக்கிறவனிலிருந்து சமைத்துக் கொடுக்கிறவர் வரை எத்தனை குடும்பம் சாப்பிடுகிறது. யாரோ ஒருத்தி அந்த இடத்துக்கு வரத்தான் வேண்டும். பாரதி கண்ணம்மா நாடகத்தில் சின்னதாக ஒரு பாத்திரத்தில் வந்து போன பிள்ளையைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து நீதான் முல்லை என்றார்கள். "இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி போட்டால் அவர்களுக்கு வேலை முடிந்தது. வந்தவளுக்கு அங்கேதான் தொடங்குகிறது. அதே வீடு, அதே கதிர், அதே தனம் அக்கா, அதே சமையலறை. அங்கே இருக்கிற எல்லோருக்கும் எல்லோரையும் பழக்கம். இவவுக்கு எந்த அலுமாரியில் என்ன இருக்கிறது என்றுகூடத் தெரியாது, ஆனால் வருஷக்கணக்காக அங்கே இருந்தவ மாதிரி முதல் நாளே சிரிக்க வேண்டும். சிரித்தால் பார் பழையவளைப் போலச் சிரிக்கப் பார்க்கிறாள் என்பார்கள், சிரிக்காவிட்டால் பழையவ எப்படிச் சிரிப்பா தெரியுமா என்பார்கள். போனவவுக்கு இனி ஒரு காட்சியும் பிழைக்காது. வந்தவவுக்குத்தான் ஒவ்வொரு நாளும் பரீட்சை.

இன்னொன்றும் கவனித்தேன். 2023 இல் மாரிமுத்து காலமானபிறகு எதிர்நீச்சல் நாடகத்தில் ஆதி குணசேகரனாக வேல ராமமூர்த்தி வந்தார். எங்கள் பிளாட்டில் இருக்கிற இதே சனம், பாவம் அவருக்குக் கொஞ்சம் நாள் கொடுத்துப் பார்ப்போம் என்றது. ஆம்பிளைக்குத் தவணை உண்டு, இந்தப் பிள்ளைக்கு ஒரு கிழமைகூடக் கொடுக்கவில்லையே. பாரதி கண்ணம்மாவில் கண்ணம்மாவாக நடித்த ரோஷினி 2021 இல் தானாகத்தான் விலகினா, பிறகு குக்கு வித் கோமாளி சமையல் நிகழ்ச்சியில் சிரித்துக்கொண்டு நின்றதையும் எல்லோரும் கண்டோம். அப்படியிருந்தும் பேச்சு விழுந்தது பதிலுக்கு வந்த வினுஷாவுக்குத்தான்.

காவ்யாவை நான் ஏற்றுக்கொண்டது நாடகத்தில் கதிரின் தாய் லட்சுமி அம்மாவின் செத்த வீட்டில். 2021, நாள் கணக்காக அந்த ஒரு செத்த வீட்டையே காட்டினார்கள், உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா எழும்பிப் போய்விட்டார். நான் முழுக்கப் பார்த்தேன். அந்த அழுகையில் எனக்குப் பழைய முல்லை ஞாபகத்துக்கே வரவில்லை. சித்ரா இருந்திருந்தால் வேறு மாதிரி அழுதிருப்பா, அதுவும் நன்றாகத்தான் இருந்திருக்கும், ஆனால் இது இவவுடைய அழுகை. யாரையும் பார்த்து எழுதினது இல்லை. அதற்குப் பிறகு நான் இரண்டு பேரையும் ஒப்பிட்டதே இல்லை.

இதையும் கேள். 2022 இல், 13 மணித்தியாலம் கரண்ட் நின்றதும் அந்த வருஷம்தானே, காவ்யா நாடகத்தை விட்டுப் போனா, லாவண்யா வந்தா. அப்போது மேல்மாடி அன்ரி எங்கள் கதவடியில் வந்து நின்று என்ன சொன்னா தெரியுமா? "காவ்யா மாதிரி வராது, அவ எவ்வளவு பாந்தமாகச் செய்தா!" இதே வாய். நாடகம் 2023 இல் முடியும் வரைக்கும் லாவண்யாவையும் இதே கதை கதைத்தா. அதனால்தான் இப்போது திரும்ப இடம் நிரப்பினது என்று தொடங்க எனக்குப் பொறுக்கவில்லை.

நீ மாமிக்குப் பிடித்த மாதிரி புட்டு அவிக்கப் பழகுகிறேன் என்று எழுதியிருந்தாய். பழகு, நல்லது, வயதான மனிசி. ஆனால் உன் புட்டுக்கு என்ன குறை? கொழும்பில் உன் புட்டைச் சாப்பிட்ட ஒருத்தரும் இன்னொரு தரம் கேட்காமல் எழும்பினதில்லை. தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு, மா கட்டிபடாமல் சுண்டுப் பேணியின் விளிம்பால் கொத்தி, அம்மம்மா காட்டித் தந்த கை அது. வேறு யாரும் முந்தி அந்தச் சமையலறையில் எப்படி அவித்தார்கள் என்று கேட்டுக்கேட்டு அவிக்கத் தேவையில்லை. ஒருநாள் உன்னுடையதை மேசையில் வை. ஒன்றும் சொல்லாமல் வை.

அப்புறம் சின்னவளின் பிறந்தநாள் படங்கள் மச்சாள் அனுப்பியிருந்தா. கேக் வெட்டுகிற படத்தில் நீ ஓரத்தில் நிற்கிறாய், பாதித் தோளும் காப்புப் போட்ட கையும்தான் தெரிகிறது. கேக் நீ செய்தது என்று மச்சாள் சொன்னா, மூன்று தட்டு, மேலே சின்னச் சின்ன ரோசாப்பூ. எனக்கு அவ்வளவு பெருமை. பிறகு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். படத்தில் நிற்கும்போது நடுவில் போய் நில் பிள்ளை. ஒருத்தரும் கூப்பிடும் வரைக்கும் பார்த்து நிற்காதே. சுவரில் மாட்டியிருக்கிற படத்துக்கு விளக்கு வைக்கிறாய் என்று கேள்விப்பட்டேன், அதில் எனக்குச் சந்தோஷம்தான், அவவும் ஒரு தாய் பெற்ற பிள்ளை. விளக்கு வை, பூ வை. அதற்காக உன் இடத்தை விட்டு நீயே தள்ளி நிற்காதே.

சின்னவள் உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுகிறாள்? முந்தி அன்ரி என்றாள். எதுவென்றாலும் வற்புறுத்தாதே, அவளாக வரட்டும். ஆனால் எனக்குச் சொல்.

மாமி நல்லவ என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். நீ மட்டும் அதைப் பற்றி நல்லதாகவும் சொல்வதில்லை, கெட்டதாகவும் சொல்வதில்லை.

கதிரேசன் கோவிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தேன், இந்த முறை சின்னவளின் நட்சத்திரமும் கேட்டார்கள், எனக்குத் தெரியவில்லை, எழுதி அனுப்பு. சித்தப்பாவின் மகன் அடுத்த மாதம் அங்கே வருகிறான், அவனிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுகிறேன். பெரிய பை வீட்டுக்கு. சின்னப் பையில் இருக்கிற பனங்கட்டியும் எள்ளுருண்டையும் உனக்கு, எல்லோருக்கும் பங்கு வைத்துவிட்டு வெறுங்கையோடு இருக்காதே. ஞாயிறு போன் எடு. இங்கே விடியற்புறம் என்று பார்க்க வேண்டாம், நான் எப்படியும் முழித்துத்தான் இருப்பேன், அப்பா குறட்டை விட்டுக்கொண்டு கிடப்பார், நீ என்ன சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

இப்படிக்கு
அன்புள்ள அம்மா