சரிவை வெட்டாமலும் வீடு கட்டலாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலையும் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. மேல் வீடு அப்பா கட்டியது: கருங்கல், சுண்ணாம்புக் காரை, ஓட்டுக் கூரை. கீழ் வீட்டை 2012-ல் மகனுக்காக நான் கட்டினேன். இரண்டிலும் குடியிருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

புது வீட்டுக்கு இடம் சமமாக வேண்டும் என்றார் ஒப்பந்தக்காரர். பொக்லைன் வந்து சரிவைப் பன்னிரண்டு அடி வெட்டியது. வெட்டிய பக்கம் சிமென்ட் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள். தண்ணீர் வடிய அதில் ஒரு ஓட்டைகூட விடவில்லை. மூன்றாம் வருட ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளி, ஒரு விடியற்காலையில் குளியலறை மேல் சரிந்தது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மண்சரிவில் போனதை அறிந்தவள் நான். அன்று முழுக்க எனக்குக் கை நடுங்கியது.

மண்ணைவிட, மண்ணுக்குள் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளுகிறது. அதனால் மறுமுறை இரண்டு படிகளாகப் பிரித்து, சிமென்ட் இல்லாமல் கருங்கல்லையே அடுக்கினோம். இடுக்கு வழியே தண்ணீர் இறங்கிவிடும். மேலே வெட்டிவேர் நட்டோம். இதுவரை ஒரு கல் அசையவில்லை.

அப்பா வீட்டுக்கு நானே ஒரு கெடுதல் செய்தேன். பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று சுவருக்குச் சிமென்ட் பூசினேன். கல்லில் ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லை. உள்பக்கம் ஓதம், கறுப்புப் பூஞ்சை, அப்புறம் பேரனுக்கு இழுப்பு. ஒரு பெரியவர், பழைய கொத்தனார், அதை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினார். சுவர் காய ஒரு கோடை முழுக்க ஆனது. இன்று அந்த அறையில்தான் பேரன் தூங்குகிறான்.

சுண்ணாம்புக்கல் வேக 900 டிகிரி சூடு போதும். சிமென்ட் சூளைக்கு 1,450 டிகிரி வேண்டும். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமென்ட்டால் வருகிறது. சுண்ணாம்போ இறுகும்போது அந்த வாயுவில் ஒரு பங்கைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. கான்கிரீட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கல் இருக்கும் ஊரில் எல்லாவற்றுக்கும் அது எதற்கு?

கூரைத் தண்ணீரையும் பிடிக்கிறோம். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் கிடைக்கும். மாசி, பங்குனியில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நாட்கள் குறைந்துவிட்டன.

நீலகிரியில் கட்டட உயரத்துக்கு வரம்பு இருக்கிறது. சரி. வீட்டுக்காகச் சரிவை எவ்வளவு ஆழம் வெட்டுகிறார்கள், தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும் என்பதையும் அதிகாரிகள் நேரில் வந்து பார்த்த பிறகே அனுமதி தர வேண்டும். எங்கள் கொத்தனாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அவரிடம் கற்றுக்கொள்ள ஒருவர்கூட வரவில்லை. சுண்ணாம்பு வேலையையும் கல் அடுக்கும் வேலையையும் மலை மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடமாக்குங்கள். சொல்லிக்கொடுக்க அவர் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
கோத்தகிரி.