செண்பகத்துக்கு, மருமகளுக்கும் சேர்த்து

அம்பாசமுத்திரம்

அன்புள்ள செண்பகம்,

எல்லோரும் சுகம் என்று இப்போதுதான் தைரியமாக எழுத முடிகிறது. பதில் போடவில்லை என்று கொதித்துக்கொண்டிருப்பாய். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். உன் மருமகளுக்கு எட்டாம் மாதம் பிறக்கப்போகிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

என் மகளுக்குப் பெண் குழந்தை. பேச்சி வழியாகச் சேதி வந்திருக்கும், ஆனால் அவள் பாதியைத்தான் சொல்லியிருப்பாள்.

பிரசவத்துக்கு முந்தின நாள் மகளுக்கு நல்ல காய்ச்சல். மணிக்கட்டும் கணுக்காலும் வலித்து, சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். தெருவில் பல வீடுகளில் அப்போது அதே கதை. மறுநாள் வலி கண்டு சுகப்பிரசவம் ஆயிற்று. குழந்தைக்கு நல்ல எடை, நல்ல அழுகை, பாலும் குடித்தது. 'ஒரு குறையும் இல்லை' என்று சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தாய்க்குக் காய்ச்சல் என்று சீட்டிலேயே எழுதியிருந்தும், குழந்தையைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஏட்டி.

நாலாம் நாள் காலையில் பிள்ளை மார்பில் வாயே வைக்கவில்லை. உடம்பு அனலாகக் கொதித்தது. தூக்கினால் வீறிட்டது, கிடத்தினால் அடங்கியது. தாய் தூக்கினால் அடங்கும் பிள்ளையைத்தானே நாம் பார்த்திருக்கிறோம்! பாதம் இரண்டும் வீங்கி, தோல் சிவந்து மினுங்கியது. உரம் விழுந்திருக்கும், எடுத்துவிடு என்றார்கள் பக்கத்து வீட்டில். மகள் கேட்கவில்லை. ஆட்டோவை வரச் சொல்லிவிட்டாள்.

குழந்தைகள் வார்டில் இருந்த டாக்டர் பிள்ளையைத் தொடுவதற்கு முன்பே கேட்டது, 'பிரசவ சமயத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் இருந்ததா?' இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு பேருக்கும் சிக்குன்குனியா.

கொசு கடித்தால்தானே வரும், பொத்திப் பொத்தி வைத்த பிள்ளைக்கு எப்படி என்று கேட்டேன். கடித்தது தாயைத்தான். காய்ச்சல் தொடங்கிய முதல் சில நாள்தான் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருக்குமாம். அந்த நேரம் பார்த்துப் பிரசவம் ஆனால், நஞ்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போய்விடும். பிறக்கும்போது பிள்ளை நன்றாகவே இருக்கும். மூன்றிலிருந்து ஏழு நாளுக்குள் காய்ச்சல், பால் குடிக்காமை, வீக்கம், தடிப்பு எல்லாம் வரும். சில பிள்ளைகளுக்கு வலிப்பு வந்து மூளையையும் தொட்டுவிடும். தமிழர்கள் கரும்புத் தோட்டத்துக்குப் போய்க் குடியேறிய ரீயூனியன் தீவில் 2005-06இல் இந்த நோய் பரவியபோதுதான் இது தெளிவாகத் தெரிந்ததாம். பிரசவ நேரத்தில் ரத்தத்தில் கிருமி இருந்த தாய்மாரின் பிள்ளைகளில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் தொற்றியிருக்கிறது. வயிற்றைக் கிழித்து எடுத்தாலும் தப்பவில்லை. அதனால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்டாதே.

கிருமியைக் கொல்ல மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு மருந்து, குளுகோஸ், மூக்கில் குழாய், கூடவே ராத்திரி பகலாகக் காவல். தாய்ப்பாலை மட்டும் நிறுத்தச் சொல்லவில்லை. பாலால் இது பரவுவதில்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னார். மகளுக்கோ விரல் மடங்கவில்லை. நான் பீய்ச்சிக் கொடுக்க, நர்ஸம்மா பாலாடையால் சொட்டுச் சொட்டாக ஊட்டினாள். முதல் தடவை அது சப்புக்கொட்டியபோது நாங்கள் மூன்று பேரும் அழுதோம்.

இப்போது நன்றாகக் குடிக்கிறது. மூக்கு மட்டும் கருத்துப்போயிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் கண்ணேறு என்கிறார்கள். இந்தக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு இப்படிக் கருப்பது உண்டு, மெல்ல மெல்லப் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தலை நிற்பதையும் குப்புற விழுவதையும் பார்க்கத் தவறாமல் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். எனக்கு மிச்சமிருக்கிற பயம் அது ஒன்றுதான்.

நீ கடையநல்லூர்க்காரி, 2012இல் டெங்கு உங்கள் ஊரைப் படுத்திய பாட்டைக் கண்ணால் பார்த்தவள். டெங்குவும் இதே மாதிரி தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும். அதில் ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட் அணுக்கள் இறங்கி, பிரசவத்தில் தாய்க்கே ரத்தப்போக்கு நிற்காமல் போகலாம். அதனால் காய்ச்சல் கண்டால் பாரசிட்டமாலோடு நிறுத்திக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல். கடையில் வலி மாத்திரையும் வேண்டாம், போகிற வழியில் வலி ஊசியும் வேண்டாம்.

அப்புறம் உன் வீட்டுக்காரரின் தொட்டி! தாமிரபரணி பக்கத்தில் ஓடியும், ஒன்றுவிட்டு ஒரு நாள் வருகிற குழாய்த் தண்ணீரை நம்பி வீடு முழுக்கத் தொட்டியும் டிரம்முமாக நாம் நிரப்பி வைக்கிறோம். இந்தக் கொசுவுக்கு அதுதான் வேண்டும். தண்ணீரை மாற்றினால் போதாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கச் சொல், மூடி போடச் சொல். ஐப்பசி அடைமழைக்குள் ஆட்டுரலைக் கவிழ்த்துவிடு. இது பகலில் கடிக்கிற கொசு, சாயங்காலச் சாம்பிராணியெல்லாம் இதற்குக் காணாது. மத்தியானம் படுத்தாலும் மருமகளுக்கு வலை கட்டு. காய்ச்சல்காரருக்கும் வலை வேண்டும். அவரைக் கடித்த கொசுதான் அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகிறது.

பிரசவத்துக்கு வீரவநல்லூருக்குத்தானே கூட்டிப்போவார்கள்? சம்பந்தி வீட்டில் போய்த் தொட்டியைக் கழுவு என்று எப்படிச் சொல்வது என்று தயங்குவாய். நீ சொல்ல வேண்டாம், நான் சொல்கிறேன். அந்தம்மா நம் மேரி டீச்சருக்குச் சொந்தம், என்னைத் தெரியும். காய்ச்சல் கண்ட தாயின் பிள்ளையை ஒரு வாரமாவது ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதையும் அவரிடமே சொல்லிவிடுகிறேன்.

வளைகாப்புத் தேதியை உடனே எழுது. மகளையும் பிள்ளையையும் விட்டு நகர முடிந்தால் நானே வருகிறேன், முடியாவிட்டால் வளையலைப் பேச்சியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன்,
கோமதி