டப்பா தேடும் அம்மிணிக்கு

காங்கயம்
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மிணிக்கு,

போன வாரம் ஜெர்மனியிலிருந்து நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை உங்கம்மா மூன்று தடவை போட்டுக் கேட்டாள். மூன்று ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் போய், ஒரு டப்பாவும் அகப்படாமல், பையன் அழுது, மாப்பிள்ளை "இனிமேல் நீச்சல் குளத்துக்கே போகலாம்" என்று சொன்ன கதை. கடைசியில் "அப்பா, நீங்க முப்பது வருசம் சர்வே கல் தேடின ஆளு, எங்களுக்கு மட்டும் ஏன் கிடைக்க மாட்டேங்குது" என்று கேட்டிருந்தாய். அதற்கு ஃபோனில் பதில் சொன்னால் பாதியில் லைன் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜியோகேச்சிங் என்று நீ சொன்னபோது எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் படித்துப் பார்த்தால், யாரோ ஒளித்து வைத்த டப்பாவை எண்ணைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவது; நம்ம சர்வேயர் உத்தியோகம்தான். சம்பளம் மட்டும் கிடையாது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் வரைக்கும் அமெரிக்கா தன் ஜி.பி.எஸ். சிக்னலில் வேண்டுமென்றே ஒரு பிசகை வைத்திருந்ததாம். ராணுவத்துக்குத் துல்லியம், ஊராருக்கு நூறு மீட்டர் வரை முன்னே பின்னே. மே மாதம் பிறந்ததும் அந்தப் பிசகை எடுத்துவிட்டார்கள். 3-ஆம் தேதியே ஓரிகான் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைக் காட்டில் வைத்து, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டுவிட்டார். கண்டுபிடிக்கிறவர் உள்ளே இருப்பதில் ஒன்றை எடுத்து, வேறொன்றை வைத்து, நோட்டில் பெயர் எழுத வேண்டும். உள்ளே உண்டிவில்கூட இருந்ததாம், ஒரு டின் பீன்ஸும். (இப்போது தின்கிற சாமான் வைக்கக்கூடாது. எறும்பும் எலியும் சும்மா விடுமா?) அந்த மே மாதம் நான் வெள்ளகோவில் பக்கம் வெயிலில் நின்று நிலம் அளக்கிற சங்கிலியைப் பிடிக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் போன மூன்று டப்பாக்களின் விவரத்தையும் நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். தப்பு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நடந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க் போட்டிருக்கிறார்கள், ஒன்றிலிருந்து ஐந்து வரை. கண்டுபிடிக்க எவ்வளவு கஷ்டம் என்பது ஒன்று, நடந்து போக எவ்வளவு கஷ்டம் என்பது மற்றொன்று. உங்கள் இரண்டாவது டப்பாவுக்கு மூன்றரை! அளவு மைக்ரோ. அதாவது பழைய ஃபிலிம் டப்பா அளவு. ஆறு வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு காட்டில் ஃபிலிம் டப்பா தேடுவது, சோளத்தட்டுப் போரில் மூக்குத்தி தேடுகிற மாதிரி. இரண்டு மார்க்கும் ஒன்றரையைத் தாண்டாததாக, டிபன் டப்பா அளவாவது இருப்பதாகப் பார்த்து எடு. கூடவே ஒரு குறிப்பும் இருந்தால் நல்லது. எழுத்தை மாற்றிப் போட்டு மறைத்திருப்பார்கள், அமுக்கினால் திறக்கும். அதைப் பார்ப்பது கௌரவக் குறைச்சல் என்று மாப்பிள்ளை நினைத்தால், முதல் பத்து டப்பா வரைக்கும் கௌரவத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்.

அதைவிட முக்கியம், உங்களுக்கு முன்னால் போனவர்கள் எழுதியதைப் படிப்பது. உங்கள் மூன்றாவது டப்பாவில் கடைசியாக வந்த நாலு பேரும் கிடைக்கவில்லை என்றே எழுதியிருக்கிறார்கள். அங்கே டப்பாவே இல்லை, அம்மிணி. நீங்கள் இல்லாததைத் தேடியிருக்கிறீர்கள்.

எனக்கு இப்படி ஒன்று நடந்தது. உனக்கு அப்போது நாலு வயசு இருக்கும். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு வரப்புத் தகராறு. நில அளவைப் புத்தகமான எஃப்.எம்.பி.யில் வடகிழக்கு மூலையில் கல் காட்டியிருக்கிறது. அளந்து, முளை அடித்து, தோண்டினோம். முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், கல்லைக் காணோம். அண்ணன்காரர் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே சிரிக்கிறார். எனக்கு மானம் போகிறது. வேறு இரண்டு கல்லிலிருந்து மறுபடி சங்கிலி பிடித்தேன், அதே குழிக்குத்தான் வருகிறது. மத்தியானம் தண்ணீர் குடிக்கக் கிணற்றுக்குப் போன சங்கிலி ஆள் அங்கிருந்து "சார், இங்க வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். போனால், துணி துவைக்கிற கல்லாக நம்ம சர்வே கல்! தலையில் வெட்டிய குறி சோப்பு நுரைக்கு நடுவில் தெரிகிறது. யார் பிடுங்கியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ராத்திரி வரைக்கும் ஆகியிருக்கும்.

அதனால் கிடைக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் அங்கே எழுதிவிடு. டி.என்.எஃப். என்று போடுகிறார்களாமே, அதுதான். அதைப் பார்த்துத்தான் வைத்தவர் வந்து சரிபார்ப்பார். எழுதாமல் வந்தால் அடுத்த ஞாயிறு இன்னொரு வீட்டுப் பையன் அழுவான்.

இனி அந்தக் கடைசிப் பத்து மீட்டர். பையன் ஃபோனைப் பார்த்துக்கொண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறான், அம்பு திரும்பிக்கொண்டே இருக்கிறது என்றாயே, அது ஃபோனின் குற்றம் இல்லை. வெட்டவெளியிலேயே அஞ்சு பத்து மீட்டர் பிசகும். அடர்ந்த மரத்துக்கு அடியில் இன்னும் மோசம். நாங்கள் கல் கிடைக்காதபோது செய்ததையே நீங்களும் செய்யலாம். முப்பது மீட்டர் தள்ளிப் போய் நின்று, அம்பு காட்டும் திசையில் ஒரு மரத்தையோ பாறையையோ மனசில் குறித்துக்கொள். அப்புறம் குறுக்கே நடந்து இன்னொரு பக்கத்திலிருந்து அதே மாதிரி பார். இரண்டு கோடும் எங்கே வெட்டுகிறதோ அங்கே போய், ஃபோனைப் பையில் போட்டுவிடு. அதற்குமேல் கண்தான். காடு தானாகக் குச்சிகளை ஒரே நீளத்தில் அடுக்கி வைக்காது. கல்லின் ஈரப்பக்கம் மேலே பார்த்துக் கிடந்தால் யாரோ அதைப் புரட்டியிருக்கிறார்கள். வேர்ப் பொந்தின் வாயில் மட்டும் காய்ந்த பட்டை குவிந்திருக்கும். இதெல்லாம் நம்மை விடப் பையன் கண்ணுக்கு முதலில் தெரியும். அவன் உயரம் அப்படி. அதனால் ஃபோன் மாப்பிள்ளை கையிலேயே இருக்கட்டும். மண்ணைத் தோண்ட வேண்டாம். அனுமதி இல்லாமல் தோண்டிப் புதைத்து வைக்கக்கூடாது என்பது அவர்கள் விதி.

கிடைத்தால், பென்சிலால் பெயரும் தேதியும் எழுதி, இருந்த இடத்திலேயே இருந்தபடியே வைத்து மூடு. வழியில் போகிறவர்கள் கண்ணில் படாமல். சாமான் மாற்றினால், எடுத்ததை விடக் குறைந்ததை வைக்காதே. அங்கே தெற்கு ஜெர்மனியில் உண்ணிக் கடியால் மூளைக் காய்ச்சல் வரும் என்கிறார்கள். பையனுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? போட்டிருந்தாலும் முழுக்கால் சட்டை போட்டு, வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பார். மாட்டுக்கு உண்ணி பிடுங்கி வளர்ந்தவள், உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு டப்பாவுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டுமாம். இது என்ன கணக்கு என்று போட்டுப் பார்த்தேன். ஒரு மைலில் பத்தில் ஒரு பங்கு. அதாவது, 66 அடிச் சங்கிலியில் சரியாக எட்டுச் சங்கிலி! சங்கிலியை மியூசியத்தில் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன், அது அமெரிக்கா வழியாகத் திரும்பி வந்திருக்கிறது.

நீங்கள் ஆடிப் பதினெட்டுக்கு வருவதற்குள் இங்கேயும் ஒன்று வைத்துப் பார்ப்போம் என்று ஆசை வந்தது. முதல் முயற்சி கேவலமாகப் போயிற்று. ரோட்டோரத்தில் பழைய சுமைதாங்கிக் கல் இருக்கிறதே, அதன் அடியில் ஒரு சில்வர் டப்பாவைச் செருகிவிட்டு வந்தேன். சாயங்காலம் டீக்கடைப் பக்கம் போனால் இருபது பேர் தள்ளி நின்று அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிட்டே போக ஒருத்தருக்கும் தைரியமில்லை. ஸ்டேஷனுக்கு ஃபோன் பண்ணலாம் என்று பேச்சு நடக்கிறது. நானே போய் எடுத்து, திறந்து, உள்ளே நோட்டும் பென்சிலும் இரண்டு பம்பரமும் இருப்பதைக் காட்ட வேண்டியதாயிற்று. "சர்வேயருக்கு ரிட்டையர்டு ஆனதும் பொழுது போகலை" என்று ஒருவர் சொன்னது உங்கம்மா காதுக்கு எனக்கு முன்னால் போய்விட்டது. அதனால் இங்கே பொது இடத்தில் டப்பா வைக்கிற யோசனை மாப்பிள்ளைக்கு இருந்தால் விட்டுவிடச் சொல். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, கோயில் பக்கம் வேண்டவே வேண்டாம். சிவன்மலை முருகன் கோயிலில் கண்ணாடிப் பெட்டிக்குள் சாமி உத்தரவுப் பொருள் வைக்கிறார்கள் என்றால் அது பக்தர் கனவில் வந்து, பூப் போட்டுக் கேட்டு வைப்பது. நம்ம டப்பாவுக்கு அந்த மரியாதை யாரும் தரமாட்டார்கள். சத்தியமங்கலம் காடு புலிகள் காப்பகம், அங்கே வண்டியை விட்டு இறங்குகிற பேச்சே கிடையாது.

அகழாய்வு நடந்த கொடுமணலும் பழங்காலக் கல்வெட்டு இருக்கிற அரச்சலூரும் பையனுக்குக் காட்ட வேண்டும். ஆனால் அங்கே எதையும் வைக்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அதற்கு டப்பா இல்லாத ஒரு வகை இருக்கிறதாம், எர்த்கேச் என்று. இடத்துக்குப் போய், பாறையைப் பார்த்து, கேட்ட கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். அதே மாதிரி நானே கேள்வி எழுதி வைத்திருக்கிறேன். கொடுமணலில் நொய்யல் கரையில் நின்று, இங்கே மணி கோத்தவர்களுக்குப் பச்சைக்கல் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கும் என்று அவனிடம் கேட்பேன். அடுத்த நாள் அந்தக் கல் கிடைக்கிற படியூருக்குக் கூட்டிப் போனால் பதில் அங்கே இருக்கிறது.

டப்பாவை மாடு மேய்கிற நம்ம கொரங்காட்டிலேயே வைத்துவிட்டேன். இரண்டு பக்கமும் வேலி இருக்கிற இட்டேரி வழியாகத்தான் போக வேண்டும். கிளுவை வேலி மழைக்குத் துளிர்த்து, கோவைக்கொடியும் பிரண்டையும் ஏறி, வண்டித்தடமே தெரியாமல் கிடக்கிறது. பையனுக்கு ஒரு கம்பு வெட்டி வைத்திருக்கிறேன். எந்தக் கல்லையும் முதலில் கம்பால் தட்டி, புரட்டி, அப்புறம்தான் கை. இந்த ஊர்க் கல்லுக்கு அடியில் தேளுக்கும் விரியனுக்கும் நம்மை விட முந்தைய பட்டா இருக்கிறது.

இடத்தின் எண்ணை எடுத்து ஒத்திகை பார்த்ததில் இன்னொரு கூத்து. தீர்க்கரேகை 77 டிகிரி 36.450 நிமிடம். இதை நான் 77.36450 என்று ஃபோனில் அடித்துவிட்டேன். டப்பா 26 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே, பல்லடத்துக்குக் கிழக்கே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது! நிமிடத்தை அறுபதால் வகுத்து 77.6075 என்று போட்டிருக்க வேண்டும். முப்பது வருசம் அளந்தவனுக்கே இப்படி. நிமிடத்தில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் கிட்டத்தட்ட இரண்டு மீட்டர்தான் நகரும், புள்ளிக்கு அடுத்த முதல் இலக்கம் ஒன்று மாறினால் 180 மீட்டருக்கு மேல். பையனைத் தாளில் எழுதி இரண்டு தடவை படிக்கச் சொல்.

வரும்போது எனக்கு ஒன்று வாங்கி வா. நம்பர் வெட்டிய ஒரு வில்லை விற்கிறார்களாம். அதை ஏதாவது ஒரு பொருளில் கோத்துவிட்டால் டப்பா டப்பாவாக ஊர் மாறிப் போகும், எங்கே இருக்கிறது என்று நாம் பார்க்கலாமாம். கண்ணபுரம் சந்தையில் வாங்கிய வெண்கலச் சலங்கை ஒன்று பரணில் கிடக்கிறது. திரும்பிப் போகும்போது அதைக் கோத்து எடுத்துப் போய் உங்கள் காட்டில் விடுங்கள். செயற்கைக்கோள் வழியாக மெசேஜ் அனுப்புகிற கருவி ஏதாவது மாப்பிள்ளை வாங்கியிருந்தால் அதை மட்டும் அங்கேயே வைத்துவிட்டு வரச் சொல். அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

முதல் கையெழுத்து பையனுடையதாக இருக்க வேண்டும் என்று இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. முந்தாநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போன உங்கம்மா, "வெள்வேல மரத்தடிக் கல்லை யாரு நகர்த்தினது" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். போய்த் திறந்து பார்த்தால் நோட்டில் அவள் பெயர், தேதி போட்டு. ஃபோனும் இல்லை, எண்ணும் இல்லை. பம்பரம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒரு எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறாள்.

பையனிடம் சொல்லாதே. நாளைக்குக் காலையில் நோட்டில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, டப்பாவுக்கு வேறு இடம் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா