தொல்லியல் செய்திகளைப் பகிரும் சமூக ஊடகப் பக்கங்களின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களே,

தமிழ் நிலத்தில் 5300 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு புழக்கத்தில் இருந்தது என்று 2025 ஜனவரி 23 அன்று சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் அப்போதைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டு அறிவித்ததும், உங்கள் பக்கங்களில் கொண்டாட்டமும் வசையும் ஒரே நேரத்தில் பெருக்கெடுத்தன. ஒரு சாரார் மனித நாகரிகமே இங்கிருந்துதான் புறப்பட்டது என்று எழுதினார்கள். மறுசாரார் அறிக்கையைத் திறந்துகூடப் பாராமல் இதெல்லாம் அரசியல் என்று தள்ளினார்கள். இரு சாராரின் பதிவுகளிலும் அந்த ஓர் எண்தான் இருந்ததே தவிர, அது எந்த ஊரின் எந்தப் பொருளிலிருந்து கிடைத்தது என்ற விவரம் பெரும்பாலும் இல்லை. அதைக் குறித்தே இம்மடலை எழுதுகிறேன்.

அந்த எண் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையிலிருந்து வந்தது. அங்குள்ள ஈமத்தாழிகளில், அதாவது இறந்தோரைப் புதைத்த பெரிய மண்தாழிகளில், இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை செல்வதாகத் தொல்லியலாளர்கள் கா. ராஜனும் ரா. சிவானந்தமும் எழுதிய அந்த அறிக்கை கூறுகிறது. அதே சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021இல் அறிவிக்கப்பட்டதை நீங்களே பகிர்ந்திருக்கிறீர்கள். அன்று 3200 ஆண்டு, இன்று 5300 ஆண்டு, இவற்றில் எது பொய் என்று ஒருவர் கேட்டால், அவரைத் தமிழின் பகைவர் என்று ஏசுவது விடையாகாது. இரண்டும் வெவ்வேறு மாதிரிகள் என்பதையும், தலைமுறை தலைமுறையாக ஒரே இடுகாட்டில் ஈமச்சடங்கு நடந்திருக்க இடமுண்டு என்பதையும் இரண்டு வரிகளில் சொல்லிவிடலாம்.

இன்னும் நுட்பமான கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்தான் உங்கள் பக்கங்களில் அதிகம் அடிபடுகிறார். கரிமக் கணிப்பு (கார்பன்-14 காலக்கணிப்பு) காட்டுவது இரும்பின் வயதை அன்று, அதனோடு கிடந்த மரக்கரியின் வயதை. அதிலும், அந்த மரப்பகுதி வளர்ந்த காலத்தை. நூற்றாண்டுகள் நின்ற மரத்தின் வைரம் பாய்ந்த பகுதியை எரித்திருந்தால், கரியின் காலம் சடங்கு நடந்த காலத்தைவிட முந்தியதாகத் தெரியும். உலகெங்கும் தொல்லியலாளர்கள் ஒவ்வொரு கரித்துண்டைப் பற்றியும் எழுப்பும் கேள்விதான் இது. ஒரே முடிவை நம்பியிராமல் மாதிரிகள் லக்னோ, அகமதாபாத், அமெரிக்காவின் புளோரிடா ஆகிய இடங்களில் உள்ள ஆய்வகங்களுக்கு அனுப்பப்பட்டன. கரியோடு நில்லாமல், பானை ஓடு கடைசியாகச் சூளையில் வெந்த காலத்தைக் காட்டும் ஓ.எஸ்.எல். முறையும் கையாளப்பட்டது. அம்முடிவுகள் ஒன்றோடொன்று எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதில்தான் இந்த ஆய்வின் வலு இருக்கிறது. ஐயம் எழுப்பியவரை முடக்கும்போது, அவருக்கு விடையாகச் சொல்லியிருக்க வேண்டிய இந்த வலுவான பகுதியும் வாசகரைச் சென்றடையாமல் போகிறது.

இந்தக் கொதிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அறியாமல் நான் பேசவில்லை. ஆதிச்சநல்லூரில் 2004இல் நடந்த அகழாய்வின் அறிக்கைக்கு நாம் ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தோம். கீழடியில் அகழாய்வு நடத்திய இந்தியத் தொல்லியல் துறை அதிகாரி அமர்நாத் ராமகிருஷ்ணா 2023 ஜனவரியில் அத்துறைக்கு அளித்த 982 பக்க அறிக்கை, திருத்தம் வேண்டும் என்று 2025 மே மாதம் அவருக்கே திருப்பி அனுப்பப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் கோபம் வராவிட்டால்தான் வியப்பு. ஆனால் அந்தக் கோபம் ஆய்வை முடக்கும் கைகளை நோக்கிச் செல்லட்டும். ஆய்வு முறையைப் புரிந்துகொள்ள விரும்பும் கல்லூரி மாணவர்மீது பாய வேண்டாம்.

உங்களிடம் நான் வேண்டுவது பெரிதொன்றுமில்லை. அடுத்த காலக்கணிப்பு வெளியாகும்போது, படத்தில் எண்ணைப் பெரிதாகப் போடும் அதே இடத்தில் மாதிரி கரியா, நெல்லா, ஓடா என்பதையும், எந்த ஆய்வகம் கணித்தது என்பதையும், முன்பின்னாக எத்தனை ஆண்டு வரம்பு என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை இரும்புக்குச் சொல்லப்பட்ட கி.மு. 2172 என்ற எண் பல ஆண்டுகளாக இந்த விவரம் எதுவும் இல்லாமலே சுற்றிக்கொண்டிருக்கிறது, அதிலிருந்தே தொடங்கலாம். கருத்துப் பகுதியில் வரும் கேள்விகளுள் நல்ல ஒன்றை நீக்காமல் மேலே நிறுத்தி, துறையில் பயின்ற ஒருவரிடம் கேட்டு விடை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பக்கங்களை நெடுநாளாகப் பின்தொடரும் ஒரு வாசகர்